ஆரம்பித்தவர் போன மறுநாள்

ஒரு சின்னக் கேள்வி. உங்கள் தெருமுனை டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பேர் கூடுகிறார்கள். ஆளுக்கு ஒரு வடை, ஒரு டீ. ஒருத்தர் பைபிளிலிருந்து ஒரு கதை சொல்கிறார். எல்லாரும் இரண்டு நிமிஷம் கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டு, காசு கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். இது சர்ச்சா, டீக்கடையா?

சிரிக்காதீங்க. இங்கிலாந்தில் இதே கேள்வியைக் கமிட்டி போட்டு விவாதித்திருக்கிறார்கள். 2004-ல் ஒரு புத்தகமும் வெளியிட்டார்கள். பெயர் 'மிஷன் ஷேப்டு சர்ச்'. கமிட்டித் தலைவர், அப்போது மெய்ட்ஸ்டன் பிஷப்பாக இருந்த கிரஹாம் க்ரே. முன்னுரை எழுதியவர், அப்போது கான்டர்பரி ஆர்ச்பிஷப்பாக இருந்த ரோவன் வில்லியம்ஸ். சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, டீக்கடையும் சர்ச் ஆகலாம் என்பதுதான் அவர்கள் சொன்ன பதில்.

எனக்கும் சர்ச்சுக்கும் உள்ள உறவு கிறிஸ்துமஸ் கேக்கோடு சரி. படித்தது பி.காம். பிறகு ஏன் இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன் என்றால், இது சாமி சமாச்சாரம் மட்டும் இல்லை. புதிதாக ஒன்றைத் தொடங்குவது எப்படி, தொடங்குகிறவன் எப்படிப்பட்டவனாக இருக்கவேண்டும் என்கிற சமாச்சாரம். கடை வைத்தவர், கட்சி ஆரம்பித்தவர், காலனி நலச் சங்கம் தொடங்கி நொந்துபோனவர் எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு.

முதலில், இவர்களுக்கு என்ன பிரச்னை?

இங்கிலாந்தில் எந்த வீடாக இருந்தாலும் அது ஏதோ ஒரு பாரிஷுக்குள் அடக்கம். நம் தென் மாவட்டத்து சி.எஸ்.ஐ.க்காரர்கள் சேகரம் என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அது. பிறந்த ஊரிலேயே உழுது, கல்யாணம் செய்து, செத்துப்போன காலத்துக்கு அது அருமையான ஏற்பாடு. இப்போது வீடு ஓர் ஊரில், ஆபீஸ் ஓர் ஊரில், சிநேகிதர்கள் மூன்றாவது ஊரில். சர்ச் மணி அடித்தால் காதில் விழும். ஆனால் அது நமக்காக அடிக்கிறது என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

அதனால், ஜனங்கள் வரவில்லையென்றால் அவர்கள் இருக்கிற இடத்துக்கு நாம் போவோம் என்கிறது புத்தகம். காபிக் கடை சர்ச், பள்ளிக்கூட சர்ச், வீட்டுக் குழுக்கள், வாரநாள் சபை, இளைஞர் சபை என்று 12 வகைகளைப் பட்டியல் போடுகிறது. இதற்கெல்லாம் பொதுப்பெயர் 'ஃப்ரெஷ் எக்ஸ்பிரஷன்ஸ்'. இவற்றைத் தொடங்குகிறவருக்குப் பெயர் 'பயனியர்', அதாவது முன்னோடி. இதில் வேடிக்கை, பின்னால் இதை ஒரு பதவியாகவே ஆக்கி, ஆள் எடுத்துப் பயிற்சியும் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நம் ஊரில் ஒருத்தர் செத்து ஐம்பது வருஷம் கழித்துத்தான் முன்னோடி என்போம். அங்கே அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலேயே!

இதற்குள் ஒரு தமிழ்நாட்டு வாசனை இருக்கிறது. லெஸ்லி நியூபிகின் என்று ஒரு ஆங்கிலேயர். 1936-ல் இந்தியா வந்தார். காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்தார், தமிழ் கற்றார். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, மதுரை - ராமநாதபுரத்தின் பிஷப். வயது 37. பின்னால் சென்னைக்கும் பிஷப்பாக இருந்து 1974-ல் ஓய்வு பெற்றார். ஊர் திரும்ப விமானம் ஏறவில்லை. மனைவியோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தரைவழியாகவே, கிடைத்த பஸ்ஸில் ஏறி இறங்கி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

போய்ப் பார்த்தால் சொந்த ஊரே அந்நிய ஊராக இருந்தது. மதுரைச் சீமையில் ஒரு குருவானவருக்கு ஏகப்பட்ட கிராமங்கள். அவர் எப்போதாவதுதான் வருவார். ஊர்க்காரர்களே கூடி, ஊர்க்காரரே ஜெபம் நடத்தி, சபை பிழைத்தது. இங்கிலாந்தில் எல்லா வசதியும் இருந்து பெஞ்சுகள் காலி. 'மிஷனரி வேலை பார்க்க வேண்டிய இடம் இதுதான்' என்று முடிவு கட்டி, 1980-ல், 70 வயதில், பர்மிங்காமில் சிறைச்சாலைக்கு எதிரே நலிந்துகிடந்த ஒரு சின்னச் சபையை ஏற்றுக்கொண்டார். எழுதியும் தள்ளினார். 1998-ல் அவர் இறந்தபோது, அடுத்த தலைமுறைக்கான விதை தூவியாகிவிட்டது. 2004 புத்தகம் அந்த வயலில் விளைந்ததுதான்.

விளைச்சல் எப்படி? போர்ட்ஸ்மவுத் பக்கத்தில் கவ்ப்ளெய்ன் என்ற ஊர். ஞாயிறு காலையில் பிள்ளைகள் சர்ச்சுக்கு வருவதில்லை. 2004-ல் லூசி மூர் என்ற பெண்மணியும் நண்பர்களும் யோசித்தார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு வரச்சொன்னார்கள். கையெல்லாம் பசையும் சாயமுமாக ஏதாவது செய்யலாம், பிறகு ஒரு கதை, ஒரு பாட்டு, கடைசியில் எல்லாரும் சேர்ந்து சூடாகச் சாப்பாடு. அம்மா, அப்பா, தாத்தாவும் வரலாம். பெயர் 'மெஸ்ஸி சர்ச்'. கந்தரகோள சர்ச் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது.

2016-ல் சர்ச் ஆர்மி என்ற அமைப்பு, 21 திருமண்டலங்களில் கணக்கெடுத்தது. புதுவகைச் சபைகள் 1,109. வருகிறவர்கள் சுமார் 50,600 பேர். பி.காம். புத்தி சும்மா இருக்குமா? வகுத்துப் பார்த்தேன். சபைக்கு 46 பேர். ஒரு டவுன் பஸ் கூட்டம். நிறைய இடங்களில் நடத்துகிறவர்கள் குருப்பட்டம் பெறாத சாதாரண ஆட்கள். இந்தச் சின்னத்தனம்தான் எனக்குப் பிடித்தது. 46 பேருக்கு ஒருத்தர் வரவில்லை என்றால் தெரியும்.

சரி, பாராட்டு முடிந்தது. இனி குறை.

ஷேர் வெளியிடும் கம்பெனி தன் விண்ணப்பப் புத்தகத்தில், 'எங்களுக்கு இன்னின்ன ஆபத்து உண்டு' என்று தனியாக எழுதியே ஆகவேண்டும். சட்டம். 'மிஷன் ஷேப்டு சர்ச்'சில் எட்டு அத்தியாயங்கள். காலம் மாறியது பற்றி, இறையியல் பற்றி, வழிமுறை பற்றி, எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. முன்னோடியே வழி தவறினால் என்ன செய்வது என்று ஓர் அத்தியாயம் இல்லை.

இது சின்ன விடுபடல் இல்லை. ஏனென்றால், அதற்கு 9 வருஷம் முன்புதான் அவர்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு கூரை இடிந்து விழுந்திருந்தது.

ஷெஃபீல்டில், செயின்ட் தாமஸ் க்ரூக்ஸ் சர்ச். 1986-ல் கிறிஸ் பிரெய்ன் என்ற இளைஞர் ஞாயிறு இரவு 9 மணிக்கு ஓர் ஆராதனை ஆரம்பித்தார். 'நைன் ஓ க்ளாக் சர்வீஸ்'. டான்ஸ் கிளப் இசை, வண்ண விளக்கு, ராட்சதத் திரையில் படங்கள். சர்ச் பக்கமே தலைவைத்துப் படுக்காத வயசுப் பிள்ளைகள், உச்சத்தில் 600 பேர் வந்தார்கள். மேலிடத்துக்கு ஆனந்தக் கண்ணீர். அவருக்கு அவசரமாகக் குருப்பட்டம் கொடுத்தார்கள். அந்த விழாவுக்கு அவர் போட்ட அங்கி, 'தி மிஷன்' படத்தில் ராபர்ட் டி நீரோ போட்டது என்று செய்திகள் சொல்கின்றன. அப்போதே யாராவது லேசாகப் புருவத்தைத் தூக்கியிருக்கலாம்.

1995-ல் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். அந்த ஆகஸ்டில் சபை கலைந்தது. பிரெய்ன் குருப்பணியை விட்டார். 30 வருஷம் கழித்து, 2025 ஆகஸ்டில், லண்டனில் ஜூரி தீர்ப்பு சொன்னது. 9 பெண்கள் மீதான 17 பாலியல் தாக்குதல் குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி. 15 குற்றச்சாட்டுகளில் விடுவிக்கப்பட்டார். இருபது வயதில் கடவுளைத் தேடிப் போன ஒரு பெண்ணுக்கு, நீதி வந்தபோது ஐம்பது தாண்டியிருக்கும். கூட்டம் எத்தனை பேர் என்று எண்ணியவர்கள், உள்ளே போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காததற்கு அவர்கள் கொடுத்த விலை இது.

இது ஒரே ஒரு தடவை நடந்த விபத்து என்றும் சொல்ல முடியாது. வாட்ஃபர்டில் 1993-ல் தொடங்கிய 'சோல் சர்வைவர்' பெரிய இளைஞர் இயக்கமாக வளர்ந்தது. நிறுவனர் மைக் பிலவாச்சி 2023-ல் விலகினார். அவர்மேல் வந்த புகார்களுக்கு ஆதாரம் இருக்கிறது என்று அதே வருஷம் செப்டம்பரில் சர்ச் விசாரணை சொன்னது.

என் சொந்தக் கதை ஒன்று. காலேஜ் முடித்து ஓர் ஆடிட்டர் ஆபீஸில் எடுபிடியாக இருந்தேன். ஒரு பட்டறைக் கணக்கு எங்களிடம் வரும். முதலாளி தங்கமான மனுஷர். பூஜ்யத்திலிருந்து கட்டியவர். எல்லா செக்கிலும் அவர் கையெழுத்து மட்டும்தான். ஒருநாள் காலையில் மாரடைப்பு. போய்விட்டார். பேங்கில் பணம் இருக்கிறது, எடுக்க ஆள் இல்லை. நாற்பது குடும்பத்துக்கு மூணு மாசம் சம்பளம் இல்லை. எங்க ஆடிட்டர் சொன்னார்: "தம்பி, அந்த ஆள் கம்பெனி நடத்தலடா. அந்த ஆளேதான் கம்பெனி."

நல்ல மனுஷரிடமே இந்தக் கதி. அவர் கெட்டவராகவும் இருந்திருந்தால்?

'இதற்குத்தான் பழைய பாரிஷே தேவலை என்கிறோம்' என்று ஒரு கோஷ்டி உண்டு. ஆண்ட்ரூ டேவிசனும் அலிசன் மில்பாங்கும் 2010-ல் 'ஃபார் தி பாரிஷ்' என்று எதிர்ப்புத்தகமே போட்டார்கள். வடிவம் வேறு, உள்ளடக்கம் வேறு இல்லை என்பது அவர்கள் வாதம். வடையை மாற்றினால் டீக்கடையே மாறிவிடும்! அதில் நியாயம் இருக்கிறது. 2021-ல், பத்தாயிரம் புதிய சபைகள் என்று ஒரு திட்டம் பேசப்பட்டபோது, கட்டடம், சம்பளம் வாங்கும் குரு, நீண்ட படிப்பு எல்லாம் வளர்ச்சிக்குத் தடைகள் என்று ஒருவர் சொல்லிவைக்க, 'பாரிஷைக் காப்பாற்று' என்று இயக்கமே கிளம்பியது.

ஆனால் பழசு என்பதாலேயே பத்திரம் ஆகிவிடாது. ஜான் ஸ்மித் என்ற வக்கீல் கிறிஸ்தவ முகாம்களுக்கு வந்த பையன்களைப் பல வருஷம் அடித்துத் துன்புறுத்திய விவகாரத்தில், சரியாக நடவடிக்கை எடுக்கவில்லை என்று 2024 நவம்பரில் கான்டர்பரி ஆர்ச்பிஷப் ஜஸ்டின் வெல்பியே ராஜினாமா செய்தார். நூற்றாண்டுகள் பழைய நாற்காலி, மேலே கீழே எத்தனையோ கமிட்டிகள். என்ன பிரயோஜனம்?

ஆகவே பழசா புதுசா என்று அடித்துக்கொள்வதே தப்பான கணக்கு. ஆரம்பித்தவரைப் பார்த்து 'இது வேண்டாம் ஐயா' என்று சொல்ல ஓர் ஆள் இருக்கிறாரா, சொன்ன பிறகும் அந்த ஆள் உள்ளே இருக்கிறாரா என்பதுதான் சரியான கணக்கு.

இதற்கு மருந்து அவர்கள் அலமாரியிலேயே இருந்தது. 1841 முதல் சி.எம்.எஸ். மிஷன் செயலாளராக இருந்த ஹென்றி வென் மூன்று விதி வைத்தார். புதிய சபை தன்னைத் தானே ஆளவேண்டும், தன் செலவைத் தானே பார்க்கவேண்டும், தானே பரவவேண்டும். அது நடந்ததும் மிஷனரி மூட்டை கட்டவேண்டும். சீனாவில் ஊழியம் செய்த ரோலண்ட் ஆலன் 1912-ல் இன்னும் உரக்கச் சொன்னார்: பவுல் ஓர் ஊரில் சபை தொடங்கினார், உள்ளூர்க்காரர்களிடம் பொறுப்பைக் கொடுத்தார், கிளம்பினார். நீங்கள் மட்டும் ஏன் கிளம்பமாட்டேன் என்கிறீர்கள்?

2004 புத்தகத்திலும் வென்னின் மூன்று விதி வருகிறது. ஆனால் சபை முதிர்ந்ததற்கான அடையாளமாக வருகிறது. தலைவருக்குப் போடுகிற கடிவாளமாக வரவில்லை. எனக்குள்ள மனத்தாங்கல் அதுதான்.

புத்தகத்தைப் படியுங்கள், நல்ல புத்தகம். கூடவே மூன்று கேள்விகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சர்ச்சுக்கு மட்டுமில்லை, உங்கள் பையனைச் சேர்க்கப்போகும் பயிற்சி மையம், நீங்கள் போகிற தியான வகுப்பு, உங்கள் அபார்ட்மென்ட் சங்கம் எல்லாவற்றுக்கும் உதவும். அவரைத் தவிர செக்கில் கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள்? அவரை மறுத்துப் பேசியவர் இப்போது எங்கே? அவர் மூணு மாசம் ஊரில் இல்லையென்றால் இது நடக்குமா?

லூசி மூர் பின்னால் வேறு பொறுப்புக்குப் போய்விட்டார். மெஸ்ஸி சர்ச் நடந்துகொண்டுதான் இருக்கிறது. யாரோ பசை வாங்கி வருகிறார்கள், யாரோ சமைக்கிறார்கள், கடைசியில் யாரோ மேஜையைத் துடைக்கிறார்கள்.

முன்னோடிக்கு நான் கொடுக்கும் மார்க், அந்த மேஜையைத் துடைக்கிறவர்களைப் பார்த்துத்தான்.