செல்போனைக் கொடுத்துவிட்டு மீனாட்சியிடம் போங்கள்!

'டிஜிட்டல் டீடாக்ஸ்' என்று பெயர் வைத்து மலைமேல் ரிசார்ட்டுகளில் ஆயிரக்கணக்கில் கறக்கிறார்கள். எதற்குங்க அதெல்லாம்? பேசாமல் மதுரைக்கு ரயில் ஏறுங்கள். கோயில் வாசல் கவுன்ட்டரில் செல்போனை நீட்டுங்கள், டோக்கனைப் பத்திரப்படுத்துங்கள், உள்ளே போங்கள். மனசுக்கு இதைவிட அருமையான ஓய்வு எனக்கு வேறெங்குமே கிடைத்ததில்லை. சத்தியமாக!

2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது நினைவிருக்கும். அந்த ஆண்டுதான் உயர் நீதிமன்ற உத்தரவால் மீனாட்சி கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை வந்தது. 2022 டிசம்பரில் தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாவற்றுக்கும் அதைக் கொண்டுவரச் சொன்னது நீதிமன்றம். மதுரையில் பாதுகாப்புக்காக வந்த தடை. என் மண்டைக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்று எந்த நீதிபதியும் யோசித்திருக்க மாட்டார். ஆனால் கிடைத்ததே!

முதலில் கொஞ்ச நேரம் கை தானாகப் பைக்குப் போகும். இல்லாத போன் தொடையில் அதிரும். அது முக்குறுணி விநாயகர் வரைக்கும்தான். அதற்குமேல் கண் வேலை செய்ய ஆரம்பித்துவிடும் பாருங்கள், என்ன சொல்ல!

வெள்ளியம்பல நடராசரையே எடுத்துக்கொள்ளுங்கள். தில்லையில் இடது காலைத் தூக்கி ஆடுகிறவர் இங்கே வலது காலைத் தூக்கி ஆடுகிறார். எத்தனை காலம்தான் ஒரே காலில் நிற்பீர், எனக்காக மாற்றி ஆடக்கூடாதா என்று ராஜசேகர பாண்டியன் மன்றாடினானாம். கதை சின்ன வயதிலேயே கேட்டதுதான். ஆனால் போன் கையில் இருந்த காலத்தில் ஒரு கும்பிடு, அடுத்த நொடி வாட்ஸ்ஆப். இப்போதுதான் அந்தக் காலை நின்று பார்த்தேன். தூக்கிய காலைப் பார்த்து, ஊன்றிய காலைப் பார்த்து, மறுபடி தூக்கிய காலுக்கு வந்து... பின்னால் நின்றவர் "கொஞ்சம் நகருங்க சார்" என்ற பிறகுதான் நகர்ந்தேன். கம்பத்தடி மண்டபத் தூணில் திருக்கல்யாணச் சிற்பம் இருக்கிறதே, கல்லுக்குள் அத்தனை வெட்கத்தை எப்படித்தான் கொண்டுவந்தானோ சிற்பி! ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் என்று படித்திருக்கிறேன். எண்ணிப் பார்க்கும் அளவுக்கு எனக்கு இன்னும் முற்றவில்லை.

பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டுக்கு வாருங்கள். ஒரு குடும்பம் மொத்தமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும் காட்சியை நீங்கள் கடைசியாக எங்கே பார்த்தீர்கள்? எனக்குப் பக்கத்தில் ஒரு பையன், சங்கப் பலகை கதையைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நெசமாவே பலகை மெதந்துச்சா அப்பத்தா?"

"பின்னே? நல்ல புலவருக்கு மட்டுந்தேன் எடங்குடுக்கும்யா."

கூகுள் குறுக்கே வரவில்லை. அப்பத்தா சொன்னால் சொன்னதுதான்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு யோசனை: பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிவையுங்கள். எங்கள் வீட்டில் அது முக்குறுணி விநாயகர்தான். அவ்வளவு பெரிய பிள்ளையாரை யாரும் தவறவிட முடியாது. போன் வருவதற்கு முன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் இப்படித்தானே திருவிழாக் கூட்டங்களைச் சமாளித்தார்கள்!

எல்லாவற்றுக்கும் சிகரம் பள்ளியறை பூஜை. இரவு ஒன்பது மணி வாக்கில் சொக்கநாதரின் பாதங்கள் பல்லக்கில் ஏறி, மேளதாளத்தோடு அம்மன் சந்நிதிக்குப் புறப்படும். சாம்பிராணிப் புகை, பிராகாரம் முழுக்க எதிரொலிக்கிற நாகஸ்வரம். வேறு இடமாக இருந்தால் நூறு கைகள் நூறு திரைகளைத் தூக்கியிருக்கும்; நாம் முன்னால் நிற்பவரின் திரையில்தான் சாமி பார்த்திருப்போம். இங்கே தலைக்குமேல் தூக்கிய கைகள் எல்லாம் கும்பிட்ட கைகள்! பல்லக்கு எனக்கு முழுசாகத் தெரிந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமையும் விசேஷ நாளும் வேண்டாம், கூட்டம் நெரிக்கும். சாதாரண நாளில் சாயங்காலம் போங்கள். கைக்கடிகாரம் இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் மணி கேளுங்கள், மதுரைக்காரர்கள் மணியோடு சேர்த்து ஊர்க்கதையும் சொல்வார்கள். எது எப்படியோ, பள்ளியறை பார்க்காமல் மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.