பெயரைப் பதிவதே சரியான முறை

லினக்ஸ் மேசைக்கணினியில் ஏற்கெனவே திறந்திருக்கும் நிரலை மறுபடி கிளிக் செய்தால், ஓடிக்கொண்டிருப்பதே அந்த வேலையை வாங்கிக்கொள்ள வேண்டும்; இன்னொன்று எழக் கூடாது. திருப்பாச்சூர் தொடங்கிக் கும்மிடிப்பூண்டி வரை அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கிடைத்த விலையில்லா மடிக்கணினிகளில் சி-டாக் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நினைவகம் குறைந்த அத்தகைய கணினிகளில் ஒரே நிரல் இரண்டாக ஓடினால் வேகம் போகும். அமைப்புக் கோப்பில் ஒன்று எழுதியதை மற்றது அழிக்கும். இதைத் தடுக்க எழுந்த முறைகளில் நிரல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது வழியாகிய டி-பஸ்ஸில் நிரல் தன் பெயரைப் பதியும் முறையே சரியானது என்பேன்.

பழைய முறை பூட்டுக்கோப்பு. நிரல் தன் செயல் எண்ணை ஒரு கோப்பில் எழுதிவைக்கும். அடுத்து வருவது அதைக் கண்டு விலகும். மின்சாரம் போனால் நிரல் செத்துவிடும், கோப்பு சாகாது. மறுநாள் ‘ஏற்கெனவே ஓடுகிறது’ என்று திரை சொல்லும். ஓடுவதோ எதுவும் இல்லை. கர்னலின் ஃப்ளாக் பூட்டு நிரல் முடிந்ததும் தானே விடுபடுமே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் பூட்டு வராதே என்று தடுக்குமே தவிர, இந்தக் கோப்பைத் திற என்ற சேதியைக் கொண்டுபோகாது. சேதிக்காகவே 1994இல் நெட்ஸ்கேப், எக்ஸ் சாளரத்தின் பண்புகளில் கட்டளையை எழுதியது. லிப்ரே ஆபிஸ் யூனிக்ஸ் சாக்கெட்டைத் திறந்துவைத்து, பின்னால் வருவதிடமிருந்து கோப்புப் பெயர்களை வாங்கிக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் அந்தப் பேச்சு அதற்கு மட்டுமே புரியும். 2000இல் மேசைச்சூழல்களான கேடிஇ டிகாப்பிலும் குநோம் கோர்பாவிலும் தனித்தனியே பேசியதிலும் இதே குறை.

2002இல் தொடங்கி 2006இல் முதல் நிலைப்பதிப்பு கண்ட டி-பஸ் இந்தக் குறைகளை ஒருசேரத் தீர்த்தது. பெயர்க் கோரிக்கைகளை அது வரிசையாகவே பார்க்கிறது. ஒரே நொடியில் இருமுறை கிளிக் செய்தாலும் ஒன்றுக்குத்தான் பெயர் கிடைக்கும். உரிமையாளர் செத்தால் இணைப்பு அறுந்து பெயரும் விடுபடும். 2011இல் ஜிலிப் நிரலகத்தின் 2.28 பதிப்பு கொண்டுவந்த ஜிஅப்ளிகேஷன் இதன்மேல் நிற்கிறது: பெயர் கிடைக்காதது, வந்த கட்டளையை முதலாவதிடம் ஒப்படைத்துவிட்டு முடிந்துகொள்ளும். இங்கே ஒரு நுணுக்கம். முனையத்தில் ‘மதிப்பெண்.டிஎக்ஸ்டி’ என்று வெறும் பெயரைத் தட்டுகிறோம். முதலாவது நிரலோ வேறு கோப்புறையில் தொடங்கியிருக்கும். முழுப்பாதையோ நடப்புக் கோப்புறையோ கூடவே போகாவிட்டால் அது இல்லாத கோப்பைத் தேடும். சொந்தமாகச் சாக்கெட் எழுதுவோர் எளிதில் தவறவிடும் இடம் இது. ஜிஅப்ளிகேஷன் இதைத் தானே பார்த்துக்கொள்கிறது.

இரண்டு சாளரங்கள் உண்மையிலேயே வேண்டுவோரை இது முடக்காதா? முடக்காது. இசைப்பான்களுக்கான எம்பிரிஸ் தரத்தில், ஒரே இசைப்பான் இரண்டாவதாக ஓடும்போது தன் பெயரோடு தனி எண் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். பஸ்ஸே இல்லாத இடத்தில் ஜிஅப்ளிகேஷன் நிரலைத் தடுக்காமல் தனியாக ஓடவிடுகிறது. வலுவான ஆட்சேபம் வேறு: முதலாவது சாகாமல் உறைந்துபோனால் பெயர் அதனிடமே இருக்கும், புதியது பதிலுக்குக் காத்துக் கிடக்கும். ஜிலிப் 2.60 முதல் நிரல் இசைந்தால் புதியது பழையதன் பெயரைப் பறித்துக்கொள்ளலாம். அந்த இசைவை நிரல் எழுதுவோர் முன்கூட்டியே தந்திருக்க வேண்டும்.