மின்விசிறியும் வயலினும்

ஹெட்போன் வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைப் பார்க்கிறார்கள். நான் வீட்டைப் பார்க்கச் சொல்வேன். எங்கள் நெய்வேலியின் குடியிருப்பு வட்டங்களில் மரம் அடர்ந்த தெருக்கள். இரவு ஷிப்டுக்கு ஆட்கள் போனபின் அப்படியொரு அமைதி. சென்ஹைசர் எச்டி 600 போன்ற, பின்பக்கம் திறந்த ஹெட்போனுக்கு ஏற்ற ஊர் இது. அந்த ஹெட்போனின் வெளிப்புறம் வெறும் கம்பிவலைதான். ஒலி உள்ளே அடைபடாது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) கேட்டுப் பாருங்கள்: வி.எஸ். நரசிம்மனின் வயலின் ஓரடி தள்ளி நின்று பாடும். வில் நரம்பைத் தொடுகிற உரசல்கூடத் தெரியும். எனக்கு அந்த உரசல்தான் உயிர்.

ஆனால் எச்டி 600-இன் மின்மறுப்பு 300 ஓம். செல்போனில் நேரே செருகினால் சத்தம் எழும்பாது, சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்று வேண்டும். சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்தவும் முடியாது. அதன் இரைச்சல் வலை வழியே வந்துவிடும். அப்போது சோனி எம்டிஆர் 7506 மாதிரி மூடிய வகைதான் கைகொடுக்கும். 63 ஓம், போனே போதும். வயலின் மட்டும் கொஞ்சம் கூராகக் குத்தும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் திறந்ததையே வாங்குங்கள். மார்கழி இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.