அறிவியல் புனைவு அலமாரியை எப்படி ரசிப்பது?

வாழ்நாள் முழுவதும் அறிவியல் புனைவும் மிகுபுனைவும் தேடிச் சேர்த்த ஒருவரின் அலமாரி முன் நிற்கும் புதியவர், இவையெல்லாம் பிள்ளைகள் படிப்பவை என்று முடிவுகட்டிச் சில நிமிடங்களில் நகர்ந்துவிடுவதற்குக் காரணம் ரசனைக் குறைவு அன்று. எதைக் கையில் எடுப்பது என்று அவருக்கு எவரும் சொல்லித் தராததே.

அடிப்படைகளை இரண்டு வரியில் முடித்துவிடலாம். இன்றைய அறிவியலை நீட்டினால் நடக்கக்கூடும் என்று நம்பவைப்பது அறிவியல் புனைவு. நடக்கவே முடியாததைத் தனக்கென வகுத்த விதிகளுக்குள் நடத்திக்காட்டுவது மிகுபுனைவு. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ முதல் வகை. ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ (1997) இரண்டாவதற்கு நெருக்கமானது. டார்கோ சுவின் என்னும் அறிஞர், கதையுலகம் முழுவதையும் மாற்றியமைக்கும் புதுப்பொருளை ‘நோவம்’ என்று அழைத்தார். இயந்திர மனிதனை நீக்கிய பிறகும் அதே காதல் கதையாக நிற்கும் ஒன்றில் நோவம் இல்லை, ஆகவே அது அறிவியல் புனைவும் இல்லை.

இனி முக்கியமான செய்திக்கு வரலாம். இத்தகைய சேகரிப்பில் வாங்கிய நூல், தைத்த நூல் என இரு இனங்கள் உண்டு. கரூருக்கும் காங்கயத்துக்கும் இடையே, எண்ணெய் ஆலைகளும் விசைத்தறிகளும் சூழ்ந்த வெள்ளகோவிலில் எண்பதுகளில் வாழ்ந்த வாசகருக்கு ஆங்கில நூல் வேண்டுமானால் கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளுக்குப் பேருந்து ஏற வேண்டும், அல்லது மாஸ்கோவின் மீர் பதிப்பக நூல்களை மலிவாக விற்ற நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தைத் தேட வேண்டும். ஈரோடு புத்தகத் திருவிழா 2005இல்தான் தொடங்கியது. ஆனால் வார இதழ் பெட்டிக்கடைக்கே வந்தது. அதில் வந்த தொடரைத் தாள் தாளாகப் பிரித்து, வரிசைப்படுத்தி, நூலால் தைத்து, பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசையால் ஒட்டி, காலிகோத் துணி போர்த்தி ‘பைண்டு’ செய்து வைத்ததே தைத்த நூல்.

இரண்டிலும் இருப்பது ஒரே கதைதானே என்று கேட்பவர் தைத்த நூலைப் பிரித்தே பார்க்காதவர். ஆனந்த விகடனில் எண்பதுகளில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’ 2021ஆம் ஆண்டின் இந்தியாவைக் கற்பனை செய்தது. பிள்ளை பெறவும் அரசின் அனுமதி தேவைப்படும் ஒரு நாட்டில், ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படித்துச் சிந்திக்கத் தொடங்குகிறது. அத்தியாயம் முடியும் தாளின் மறுபக்கத்தில் அந்த வாரத்து நகைச்சுவைத் துணுக்கோ திரைச்செய்தியோ விளம்பரமோ கிடப்பதால், ஊகித்த எதிர்காலமும் ஊகித்தவரின் நிகழ்காலமும் ஒரே தாளின் இரு முகங்களாகின்றன. அந்த 2021உம் கடந்துபோய்விட்ட இன்று, அதே தாளைப் பிடித்திருக்கும் விரல்கள் மூன்றாவது காலத்தைச் சேர்ந்தவை. புத்தகப் பதிப்பு அந்த மறுபக்கத்தைக் களைந்துவிடுகிறது, ஓவியங்களையும் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. எஞ்சுவது கதை மட்டுமே. இது தமிழுக்கு மட்டுமான வழக்கமும் அன்று. அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ கதைகள் 1942 முதல் ‘அஸ்டவுண்டிங்’ இதழிலும், ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ 1963 முதல் ‘அனலாக்’ இதழிலும் வந்த பிறகே நூலாயின. அந்த இதழ்களை ஆங்கில உலகில் சேகரிப்பாளர்கள் போற்றுகிறார்கள். இங்கேயோ சுஜாதாவோடு தமிழ் அறிவியல் புனைவு முடிந்தது என்று மேடைதோறும் முழங்கும் விமர்சகர், தமிழ்மகனின் ‘ஆபரேஷன் நோவா’வும் விகடனில் தொடராக வந்ததைக் கவனிப்பதே இல்லை.

முதுகு நிறம் பார்த்து அடுக்கி, படம் பிடிப்பதற்காகவே வாங்கப்பட்டு, உறை பிரியாமல் நிற்கும் டோல்கீன் பெட்டித் தொகுப்பு அழகாகத்தான் இருக்கும். அதை அறைகலன் என்று கருதிக் கடந்துவிடுவது நல்லது.

தைத்த நூலைக் கேட்கும்போது சிறிது நயம் வேண்டும். எடுத்துப்போய்ப் படிக்கத் தரும்படி கேட்டால் அலமாரி சாத்தப்படும். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றால் திறக்கும். கிடைத்ததும் கதையைத் தொடங்காமல் விடுபட்ட வாரம் ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் இதழ் கிடைக்காத வாரத்துக்குச் சிலர் வெள்ளைத்தாள் வைத்துத் தைத்து, பக்கத்து வீட்டுப் பிரதியைப் படித்துக் கதைச் சுருக்கத்தைக் கையால் எழுதியிருப்பார்கள். அந்தச் சுருக்கத்தில் அவர் எதை விட்டார் என்பதிலேயே அவர் எத்தகைய வாசகர் என்பது தெரிந்துவிடும். வெளியே பேசப்படாத இன்னொன்றும் உண்டு. சேகரித்தவர் மறைந்தபின் வாரிசுகள் பெட்டித் தொகுப்பைக் கூடத்தில் வைத்துக்கொண்டு, தலைப்பில்லாத காலிகோ அட்டைகளை எடைக்குப் போட்டுவிடுவார்கள். ஆகவே புதியவர் புத்தகத் திருவிழாவுக்குப் புறப்படுமுன் தம் ஊர்ப் பழைய பேப்பர் கடைக்காரரிடம் ஒரு சொல் சொல்லிவைப்பது பயன்தரும்.