அறிஞரும் ஆட்சியும்: இப்னு கல்தூனின் கூற்று குறித்து

கி.பி. 1377இல் எழுதிய 'முகத்திமா'வில், மாந்தருள் அரசியலுக்கு மிகத் தொலைவில் நிற்போர் அறிஞர்களே என்கிறார் இப்னு கல்தூன். பொதுவிதிகளில் பழகிய சிந்தை, நிகழ்வுகளின் தனித்தன்மையைத் தவறவிடும் என்பது அவர் காட்டும் காரணம். இக்கூற்றை ஈழத்து வரலாற்றில் உரைத்துப் பார்ப்போம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளராயிருந்த வரதராஜப் பெருமாள், 1988 டிசம்பரில், போரால் சிதைந்த வடகிழக்கு மாகாணத்தின் முதலமைச்சரானார். 71 இடங்களுள் அவரது ஈ.பி.ஆர்.எல்.எஃப். பெற்றவை 41. எனினும் வடக்கின் 36 இடங்களும் போட்டியின்றி நிரப்பப்பட்டவை. வாக்களிப்பு நடந்த கிழக்கில் அக்கட்சிக்கு 17. முஸ்லிம் காங்கிரசுக்கும் 17. ஆட்சியைத் தாங்கி நின்றதோ இந்திய அமைதிப்படை. அப்படை விலகிய 1990 மார்ச்சில் முதலமைச்சரும் இந்தியா வந்து சேர்ந்தார். மீண்டும் மூண்ட போரில், ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அக்டோபரில் வடபுல முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர்.

இவ்வாட்சியின் வீழ்ச்சிக்கு அறிஞரின் ஏட்டறிவைக் காரணமாக்குதல் போதாது எனக் கருதுகிறோம். 17க்கு 17 என்னும் கணக்கை அறியப் பெரும்புலமை வேண்டியதில்லை. இப்னு கல்தூன் அதே நூலில் வகுத்த 'அஸபிய்யா', அதாவது ஆட்சியைத் தாங்கும் குழுப்பிணைப்பு, இங்கே பொருத்தமான அளவுகோலாகும். அயற்படை அதற்கு ஈடாகாது. கிழக்கு முஸ்லிம்களைத் தமராக்கிக்கொள்ளாத ஆட்சிக்கு, ஆள்பவரின் கல்வி அரணாகவில்லை.