ஆட்டமும் கவியும்: தனியாசிரியன் இல்லாக் கதை பற்றி ஒரு நோக்கு

1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கி வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குவது திறனாய்வுக்கு அழகன்று. அங்கே நடுவர் உலகை விவரிக்கிறார். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகித் தம் செயலை உரைக்கின்றனர். ஐயுற்ற இடத்து இருபது முகப் பகடை விளைவைத் தீர்க்கிறது. இன்று வெவ்வேறு நாடுகளில் இருப்போர் இணையத்திற் கூடியும் இதனை ஆடுகின்றனர். கதைக்குத் தனியாசிரியன் இல்லை.

சாய்ந்தமருது, நிந்தவூர் முதலாய கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களுக்கு இவ்வியல்பு முற்றும் புதிதன்று. ஆணும் பெண்ணும் மாறிமாறி உரைப்பனவாக அமைந்த கவிகள் இம்மண்ணின் வாய்மொழிச் செல்வம். அத்தகைய கவியின் பொருள் அதற்கு வரும் மறுகவியிலேயே நிறைவெய்தும். எஸ். முத்துமீரான் போன்றோரின் தொகுப்புகள் அவற்றை அழியாது காத்தன. ஆயின் அச்சில் எஞ்சுவது சொல்லே, எதிர்நின்றவரின் தயக்கமன்று. ஆட்டத்தின் பதிவுக்கும் இதுவே கதி.

எனினும் இரண்டும் ஒன்றெனல் பொருந்தாது. கவியில் வெல்வது சொல்வன்மை. ஆட்டத்திலோ நன்கு பேசியவனும் பகடை பிழைத்தால் தோற்பான். அத்தோல்வியையும் கதையாக ஏற்கும் பக்குவமே இக்கலையின் சிறப்பு.

குறை யாதெனில், அதன் கோட்டைகளும் டிராகன்களும் பெரிதும் மேனாட்டுக் கற்பனையிற் பிறந்தவை. விதிகளுக்கு அக்களமே வேண்டுமென்பதில்லை. வயற்பரணும் முகத்துவாரமும் களமாகலாம். இரவல் உலகில் ஆடுவோன் இரவல் மொழியிலேயே பேசுவான். தன் மண்ணைக் களமாக்கும்போதுதான் அவன் வாயில் மறுகவி பிறக்கும்.