எபாக்ஸித் தரையும் அடிமண் ஈரமும்

பட்டறைத் தரை என்று பெயரெடுத்திருந்த எபாக்ஸி இப்போது மதுரையில் வீட்டுக் கார் நிறுத்துமிடம், திருமண மண்டபம் வரை வந்துவிட்டது. விற்பவர்கள் பளபளப்பைக் காட்டுகிறார்கள். அதன் பலமோ வேறு. ரெசினும் ஹார்ட்னரும் கலந்து இறுகினால், தண்ணீரோ எண்ணெயோ இறங்காத, இணைப்பே இல்லாத ஒரே பரப்பு கிடைக்கும். டைல்ஸ் இடுக்கில் சேரும் அழுக்குக்கு இங்கே இடமில்லை. 1992-இல் மதுரையில் தொடங்கிய அரோலேப் போல, கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் செய்யும் தொழிலுக்குத் தூசி பெரும்பகை. அத்தகைய கூடங்களுக்கு இடுக்கில்லாத தரை ஆடம்பரமே அல்ல. கப்பலூர்ப் பட்டறைக்கும் பால் பதனிடும் கூடத்துக்கும் அப்படித்தான்.

ஆனால் மேலிருந்து நீரை விடாத படலம் கீழிருந்தும் விடாது. பெரியாறு பாசனத்தில் மேலூர், வாடிப்பட்டி வயல்கள் நிறைந்து கிடக்கும் மாதங்களில் நிலத்தடி நீர் மேலேறும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மழையீரத்தை நெடுநாள் பிடித்துவைக்கும். அடியில் பாலித்தீன் ஷீட் விரிக்காமல் போட்ட கான்கிரீட் இந்த ஈரத்தை உறிஞ்சி ஆவியாக மேலே அனுப்பும். பழைய சுண்ணாம்புத் தரை அதை வெளியே விட்டுவிடும், எபாக்ஸி அடைத்துக்கொள்ளும். கொப்புளம் கிளம்பி, கடைசியில் அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து வரும். அதே வீட்டின் மாடித் தளத்துக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஈரம் பார்ப்பது பெரிய வித்தையில்லை. 18 அங்குலச் சதுரப் பிளாஸ்டிக் தாளின் நாலு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி, 16 மணி நேரம் கழித்துப் பிரித்தால் போதும். அடியில் நீர் கோத்திருந்தால் வேலையைத் தள்ளிப்போட வேண்டும். புதுத் தளத்துக்கு 28 நாளாவது பொறுக்க வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்ட வீட்டில் யார் கேட்பார்கள்! மேலே படிந்த சிமெண்டுப் பாலைக் கிரைண்டர் ஓட்டி எடுத்து, தூசியை உறிஞ்சி, பிறகுதான் பிரைமர். சதுர அடி விலையைக் குறைக்கப் பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவதும் இந்த வேலைதான். வண்ணத்துக்கும் மினுக்குக்கும் கொடுக்கும் பணத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் எபாக்ஸியின் மேல் சொல்லப்படும் பழிகளில் பெரும்பாலானவை எழாது என்பேன்.

அடுத்தது வெயில். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். 25 டிகிரியில் 40 நிமிடம் தாங்கும் கலவை 35-இல் 20 நிமிடத்தில் வாளியிலேயே கெட்டிப்படத் தொடங்கும். வெயிலுக்குப் பயந்து காலையில் ஆரம்பித்தாலும் வம்பு: தளம் சூடேற ஏற, கான்கிரீட்டுக்குள் இருக்கும் காற்று விரிந்து படலத்தில் ஊசித்துளை போடும். தளம் ஆறத் தொடங்கும் மாலைதான் உகந்தது. மொட்டைமாடியிலும் திறந்த தாழ்வாரத்திலும் எபாக்ஸி மஞ்சளித்துச் சுண்ணாம்பாய் உதிரும். மேலே பாலியூரித்தேன் பூச்சு தராதவரை அங்கே அது வீண்செலவு.

ஹார்ட்னரை வெறுங்கையால் கலக்கும் பெயிண்டரின் கணக்கும் உண்டு. அதிலுள்ள அமீன் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது, பிழைப்பையே மாற்ற வேண்டியிருக்கும். சதுர அடி விலையில் நைட்ரில் கையுறையையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கும் வீட்டுக்காரர் அரிது.